கறுப்புக் கோட்டு வரை: சட்டம் படிக்க உதவித்தொகையும் கடனும் பெறும் முழு வழி

சென்ற வருடம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் நான்காக மடித்த அடைவுத் துண்டு. மேசையில் விரித்து, மடிப்புகளை விரலால் நீவிவிட்டு, என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டரைப் பவுண் சங்கிலி. மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு ஒரு தனியார் நிறுவனத்தில் சட்டப் படிப்புக்கு முற்பணம் கட்ட அடைவு வைத்தது. பிறகு பெறுபேறு வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் வந்தது. பிள்ளைக்கு அரச பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையிலேயே இடம் கிடைத்தது. கட்டிய காசு திரும்பாது என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது.

இலவசமாகப் படிக்கப் போகும் பிள்ளைக்காகச் சங்கிலி போய்விட்டது. அந்தத் தாயை எந்த வகையிலும் குறைசொல்ல முடியாது. எந்தக் காசை எப்போது தேட வேண்டும், எதைக் கடைசி வரை தொடக்கூடாது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை. செம்மண்ணில் புகையிலை நட்ட குடும்பத்திலிருந்து போய்ச் சட்டத்தரணி ஆனவன் நான். ஞாயிறுகளில் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சட்டம் படிப்பவருக்குக் காசு மிகவும் தேவைப்படும் காலம் படிப்பின் தொடக்கம் அல்ல, முடிவு. பட்டம் கையில் வந்ததும் உதவித்தொகை நின்றுவிடும். ஆனால் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், ஆறு மாதப் பயிலுனர் காலம், சத்தியப்பிரமாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வருமானம் ஒரு சதமும் இல்லாத அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் பலர் பாதை மாறி வேறு வேலைக்குப் போகிறார்கள். ஆகவே நகையும் காணியும் கடன் வாங்கும் வலுவும் அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கட்டும். முதல் நான்கு வருடத்தை இனாமாக வரும் பணத்தில் ஓட்டப் பார்க்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: எந்த வாசலால் போகிறீர்கள்?

சட்டத்தரணி ஆகப் பல வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் செலவும் வேறு, கிடைக்கும் உதவியும் வேறு.

முதலாவது, அரச பல்கலைக்கழகம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சட்டபீடம், பேராதனையின் சட்டத்துறை, திருநெல்வேலியில் நமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை ஆகியவற்றில் நான்கு வருடச் சட்டமாணிப் பட்டம். படிப்புக் கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், புத்தகம், போக்குவரத்துத்தான் செலவு. வீட்டிலிருந்து சைக்கிளில் திருநெல்வேலிக்குப் போகக்கூடிய பிள்ளைக்கு அறை வாடகையும் மிச்சம். பெயருக்காகக் கொழும்பைத் தெரிவு செய்யும் பிள்ளைகள், அந்த நான்கு வருட வாடகையைக் கடதாசியில் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, திறந்த பல்கலைக்கழகம். அதன் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவில் பிறவுண் வீதியில் இருக்கிறது. தெரிவுப் பரீட்சை உண்டு, கட்டணமும் உண்டு. ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பது பெரிய விடயம். பகலில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்துகொண்டு சட்டமாணி முடித்தவர்கள் இன்று நீதிமன்றங்களில் தோன்றுகிறார்கள். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா, குறைந்த வருமானக் குடும்பத்துக்கு உதவுதொகை உண்டா என்ற இரண்டையும் பதிவு செய்யும் அன்றே கேளுங்கள்.

மூன்றாவது, கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874 இல் தொடங்கியது. போட்டிப் பரீட்சை எழுதி நேரடியாக நுழைந்து மூன்று வருடம் படிப்பது. கட்டணமும் உண்டு, கொழும்பு வாடகையும் உண்டு. பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் எழுத வேண்டும் என்று 2020 இன் இறுதியில் வந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. அந்த ஒழுங்குவிதியை நம்பி, ஆங்கிலம் போதாது என்று பின்வாங்கிய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மீண்டும் விசாரியுங்கள்.

கடைசி, தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பட்டங்களும். இங்கே ஒரு ரூபாவைத்தானும் கட்டுவதற்கு முன்னர், இந்தப் பட்டத்தோடு இலங்கையில் சட்டத்தரணியாக முடியுமா, எத்தனை பரீட்சைகள் மேலதிகமாக எழுத வேண்டும் என்று சட்டக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவர் சொல்வது பதில் ஆகாது.

உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வரும் வரை எங்கும் முற்பணம் கட்ட வேண்டாம். அந்தச் சில மாதங்களை ஆங்கிலத்துக்கும் அடுத்த படிக்கும் கொடுங்கள்.

படி 2: ஆவணக் கோவை

இந்தப் படியில்தான் அதிகமான விண்ணப்பங்கள் விழுகின்றன. அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

என் சொந்தக் கதை. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுமையாக இருந்தது. என் அடையாள அட்டையில் அதன் கடைசி எழுத்து ஒன்று குறைந்திருந்தது. பாடசாலை விடுகைப் பத்திரத்தில் முதலெழுத்து மட்டும். மூன்று கடதாசியில் மூன்று அப்பாக்கள். உதவுதொகை விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், திரும்பி வந்து, நான் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்து, அது ஏற்கப்பட்டபோது முதலாம் வருடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க மதியச் சாப்பாட்டை ஒரு பணிசோடு முடித்தேன். அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. ஆனால் பரீட்சைக்கு முன்னரே இதைப் பார்த்துத் திருத்தியிருந்தால் ஒரு காலை நேரத்து வேலை அது.

ஆகவே இன்றே எல்லாக் கடதாசிகளையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள்: உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுத் தாள்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டைகள், திருமணச் சான்றிதழ், கூடப் படிக்கும் சகோதரங்களின் பிறப்புச் சான்றிதழ்கள், அவர்களின் பாடசாலைக் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தமிழில் எழுதிய பெயர் ஆங்கிலத்தில் போகும்போது வரும் வேறுபாட்டையும் பாருங்கள். வேறுபாடு இருந்தால், "இந்தப் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும்" என்ற சத்தியக் கடதாசியை ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் முடித்து, மூன்று மூலப்பிரதி வைத்திருங்கள்.

அடுத்தது வருமானம். மாணவர் உதவித்தொகைகளில் பெரும்பாலானவை குடும்ப வருமானத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. சம்பளம் எடுப்பவருக்குச் சம்பளச் சிட்டை போதும். நம் ஊரில் பாதிப் பேர் அப்படி இல்லை. தோட்டம் செய்பவர், கடலுக்குப் போகிறவர், மேசன், தையல் வேலை செய்யும் தாய். இவர்களுக்குக் கிராம அலுவலர் கொடுக்கும் வருமான உறுதிப்படுத்தல், அதன் மேல் பிரதேச செயலகத்தின் மேலொப்பம். கிராம அலுவலரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். தோட்டக்காரர் என்றால் கமநல சேவை நிலையத்தின் கடிதம், கடற்றொழிலாளர் என்றால் அவருடைய கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதென்றால் அதன் ஆவணம் இருந்தால் அவர் எழுதும் தொகைக்கு ஒரு பிடி இருக்கும். கிராம அலுவலர் எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்பதை வாசலில் எழுதி ஒட்டியிருப்பார்கள். பார்த்துவிட்டுப் போங்கள். கடைசி நாளில் போனால் அவர் கூட்டத்தில் இருப்பார்.

தந்தை காணாமற்போன குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. "தந்தையின் வருமானம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பிள்ளை பேனையைக் கீழே வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இறந்ததாக எழுத மனம் வராது, எழுதவும் வேண்டியதில்லை. காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறும் வழியை 2016 இல் சட்டம் திறந்தது. அந்தச் சான்றிதழை எடுத்திருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். கட்டத்தில் "காணாமற்போனவர்" என்றே எழுதுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மாமா மாதாமாதம் காசு அனுப்பினால், அதைப் படிவம் கேட்கும் இடத்தில் மறைக்காதீர்கள். பிற்காலத்தில் சட்டத்தரணியாகப் பதிவு செய்யும்போது உங்கள் நன்னடத்தையும் பார்க்கப்படும். பொய்யான வருமானக் கணக்கொன்றின் கீழ் இருக்கும் உங்கள் ஒப்பம் எங்கோ ஒரு கோவையில் உயிரோடு கிடக்கும்.

படி 3: மகாபொலவும் உதவுதொகையும்

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியம் 1981 இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதைத் தொடங்கிய லலித் அத்துலத்முதலி தாமும் ஒரு சட்டத்தரணி. பரீட்சைத் திறமையும் குடும்ப வருமானமும் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. மகாபொல கிடைக்காதவர்களில் வருமானம் குறைந்தோருக்குப் பல்கலைக்கழகம் ஊடாகக் கிடைப்பது உதவுதொகை. மாணவர் வாயில் பேர்சரி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவர் எடுக்க முடியாது. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகையை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. இவை பிறகும் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் வருடத்து அறிவித்தலைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தை, பெறுபேறு வந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். விண்ணப்பக் காலம் குறுகியது. நண்பர் சொல்லித் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தவர்கள் தவறவிட்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் படிவம் நிரப்பாதீர்கள். சின்னத் திரையில் ஒரு பூச்சியம் கூடினால் மாத வருமானம் பத்து மடங்காகிவிடும். நிரப்பியதை அச்செடுத்து, பெற்றோர் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்து, பிறகே அனுப்புங்கள்.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ததும் மாணவர் நலன்புரிப் பகுதிக்குப் போய், மகாபொலப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் உதவுதொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். நன்கொடையாளர் பெயரில் இருக்கும் பிற புலமைப்பரிசில்கள் பற்றியும் அதே மேசையில் விசாரியுங்கள். அறிவித்தல் பலகையில் ஒரு ஓரத்தில் ஒட்டப்பட்டு, யாரும் கேளாமல் காலம் கடந்துபோகும் சிறு புலமைப்பரிசில்கள் உண்டு.

தவணைகள் எப்போதும் நாள் தவறாமல் வருவதில்லை. முதல் தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே முதலாம் வருடத்தின் முதல் ஐந்து ஆறு மாதத்துக்கு வீட்டுக் காசு தேவை. அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளை மாதம் 1,500 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டால் 40 மாதத்தில் 60,000 ரூபாவும் அதன் வட்டியும் சேரும். பெரிய தொகை இல்லைத்தான். ஆனால் பட்டம் முடிந்த கையோடு சட்டக் கல்லூரியில் பதிவு செய்யப் போகிறபோது, யாரிடமும் கை நீட்டாமல் பஸ் ஏற அது போதும்.

படி 4: ஊரும் உறவும் தரும் பணம்

பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள், அவற்றின் வெளிநாட்டுக் கிளைகள், ஊர் அபிவிருத்திச் சங்கங்கள், கோயில் அறப்பணிகள், தேவாலயங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. இங்கே படிவம் இல்லை, கடிதம்தான். நம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: "நான் வறிய குடும்பத்தைச் சேர்ந்தவன். தயவுசெய்து உதவவும்." கொடுப்பவருக்கு இதில் பிடிக்க எதுவும் இல்லை. எவ்வளவு, எதற்கு, எவ்வளவு காலம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவியோடு இருந்து எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது: "எனக்குப் பல்கலைக்கழக உதவுதொகை கிடைக்கிறது. அது சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் சரியாகிவிடும். மூன்றாம் வருடத்துச் சட்டப் புத்தகங்கள் ஐந்தும் ஒரு பழைய மடிக்கணினியும் எனக்குத் தேவை. அவற்றின் விலைச்சிட்டைகளை இணைத்துள்ளேன். மாதப் பணம் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு அரையாண்டுப் பெறுபேற்றையும் சங்கத்துக்கு அனுப்பி வைப்பேன்." பத்து நாளில் பதில் வந்தது. அவள் பெறுபேறுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அதே சங்கம் இப்போது அவளுடைய பயிலுனர் காலம் பற்றித் தானாகவே கேட்டிருக்கிறது.

உறவினர் உதவியை வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். கனடாவிலுள்ள சித்தப்பா "படி மோனை, நான் பார்க்கிறேன்" என்று சொல்வது அன்பு. அதை வைத்து அறை வாடகை ஒப்பந்தம் எழுதக்கூடாது. மாதம் எவ்வளவு, எந்த மாதம் வரை என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் குறை ஒன்றும் இல்லை.

படி 5: பட்டத்துக்குப் பிறகு வரும் இடைவெளி

சட்டமாணிப் பட்டம் பெற்றவர் நுழைவுப் பரீட்சை எழுதாமல் சட்டக் கல்லூரியில் பதியலாம். ஆனால் அதன் பரீட்சைகளை எழுதித்தான் ஆக வேண்டும். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், கொழும்புக்குப் போய்வரும் செலவு. அதன் பின் ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிலுனர். பெரும்பாலும் ஊதியம் இராது. பிறகு பதிவுச் செலவுகள், கறுப்புக் கோட்டு, அங்கி. உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளில் பெற்றோரைக் கொழும்புக்குக் கூட்டிப் போகும் செலவும் உண்டு. அதைச் சேர்க்காமல் கணக்குப் போட வேண்டாம். அந்த நாளுக்காகத்தான் அவர்கள் இவ்வளவு காலமும் இருந்தார்கள்.

மூன்றாம் வருடம் முடியும்போதே இந்தக் கணக்கை எழுதுங்கள். பயிலுனர் காலத்தை யாழ்ப்பாணத்திலேயே செய்ய ஒரு மூத்த சட்டத்தரணியைத் தேடினால் வாடகை மிச்சம். நம் நீதிமன்றங்களின் காணி வழக்குகளில் கிடைக்கும் பழக்கமும் சேரும். மாலையில் ரியூசன் சொல்லிக் கொடுக்கலாம். ஆவண மொழிபெயர்ப்பு வேலையும் கிடைக்கும். தமிழும் ஆங்கிலமும் சேர்த்துச் சிங்களமும் எழுதத் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும். இவற்றுக்குப் பிறகும் மிஞ்சும் பள்ளத்தைத்தான் கடனால் நிரப்ப வேண்டும்.

படி 6: கடன், இந்த வரிசையில்

முதலில் வட்டியில்லா மாணவர் கடன். 2017 இல் அரசு தொடங்கிய திட்டம். உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனத்தில் அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தைப் படிக்கக் கொடுப்பது. வட்டியை அரசு ஏற்கிறது. வாங்கிய முதல்தொகையைப் படிப்பு முடிந்த பின் தவணையாகக் கட்ட வேண்டும். நிறுவனம் பட்டியலில் இருந்தால் போதாது. நீங்கள் படிக்கப்போகும் சட்டப் பட்டமும் அந்த வருடத்துப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாத பட்டத்துக்கு இக்கடன் கிடையாது.

அடுத்தது கூட்டுறவு. பெற்றோர் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால், அங்கே கிடைக்கும் சிறு கடன் பரீட்சைக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் போதும். அங்கத்தவர் இல்லையென்றால் இன்றே சேர்ந்து சேமிக்கத் தொடங்கச் சொல்லுங்கள். நான்கு வருடத்தில் அந்தச் சேமிப்பே கடனுக்குத் தகுதியாகும்.

பிறகு வங்கியின் கல்விக் கடன். வங்கியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். வட்டி நிலையானதா, மாறுவதா? படிக்கும் காலத்தில் வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டுமா? கட்டாவிட்டால் அது முதலோடு சேருமா? பிணை யார் நிற்க வேண்டும்? வட்டி வருடத்துக்கு 14 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 500,000 ரூபாக் கடனை ஐந்து வருடத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 11,600 ரூபா, மொத்தம் ஏறக்குறைய 698,000. அதாவது வட்டி மட்டும் ஏறக்குறைய இரண்டு இலட்சம். இதே கடனைப் படிப்புத் தொடக்கத்திலேயே எடுத்து, நான்கு வருடம் வட்டி மட்டும் கட்டினால் மாதம் 5,833 வீதம் 280,000 ரூபா போய்விடும், முதல் அப்படியே நிற்கும். மேலே சொன்ன 2025 உதவுதொகையில் முக்கால்வாசிக்கு மேல் அந்த வட்டிக்கே போகும். கடனைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இந்த எண்தான்.

பிணை நிற்க அரச ஊழியர் இருவரை வங்கி கேட்டால், ஊரிலுள்ள ஆசிரியரிடம் போவீர்கள். அவர் ஒப்பம் வைப்பதற்கு முன்னர், நீங்கள் கட்டத் தவறினால் அவரிடம் கேட்கப்படும் என்பதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். தெரியாமல் ஒப்பமிட்ட பிணையாளர்கள் பின்னர் நீதிமன்றப் படியேறி நிற்பதை நான் பார்க்கிறேன்.

நகை அடைவு அதன் பிறகு. குறுகிய காலத்துக்கு, எந்தப் பணத்தால் எந்த மாதம் மீட்பது என்று தெரிந்திருந்தால் மட்டும். தனியாரிடம் வைக்காமல் வங்கியில் வையுங்கள். தவணை நாளை வீட்டு நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிடுங்கள். ஏல அறிவித்தல் வந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு.

காணி ஈடு கடைசியிலும் கடைசி. இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சட்டம் குறுக்கே நிற்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சீதனக் காணியே ஆனாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் சொல்வது இது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம். ஆனால் அதற்குக் காலம் எடுக்கும். தந்தை காணாமற்போன வீட்டுத் தாய்மார் வங்கி வாசல் வரை போய்த்தான் இதை அறிகிறார்கள். காணி பல உரித்தாளருக்குப் பிரிபடாமல் இருந்தாலும் வங்கி பெரும்பாலும் ஏற்காது. உறுதியை முதலில் ஒரு நொத்தாரிசிடம் காட்டுங்கள், காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள், பிறகு வங்கிக்குப் போங்கள்.

வீட்டு வாசலுக்கே வந்து, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, வாராவாரம் அறவிடும் நுண்நிதிக் கடனைப் படிப்புக்காக ஒருபோதும் எடுக்காதீர்கள். நான்கு வருடம் கழித்து வருமானம் தரும் படிப்பையும் அடுத்த வாரமே தவணை கேட்கும் கடனையும் ஒரு நுகத்தில் பூட்ட முடியாது.

வெளிநாட்டு மேற்படிப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிறைட் ஆகியவற்றை முதுமாணிக்காகவே நம்மவர் பெரும்பாலும் நாடுகிறார்கள். செவனிங் ஒரு வருட முதுமாணியின் முழுச் செலவையும் ஏற்கும். இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஆகவே முதலில் இங்கே சத்தியப்பிரமாணம் எடுத்து, இரண்டு வருடம் தொழில் செய்துவிட்டு விண்ணப்பிப்பது நல்ல வரிசை. இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் பற்றி யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரே விசாரிக்கலாம். சொந்தச் செலவில் பிரித்தானியா போவோர் விசாவுக்காகக் கணக்கில் 28 நாள் பணம் காட்ட வேண்டும். அந்தப் பணத்தை நாள் வட்டிக்கு எடுத்துக் காட்டித் தருகிறோம் என்று வருபவர்களை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

படி 7: மறுத்தால்

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அல்லது பதிலே வராவிட்டால், முதலில் அந்த அலுவலகத்துக்கே ஒரு மேன்முறையீட்டுக் கடிதம் எழுதுங்கள். விண்ணப்ப இலக்கம், அனுப்பிய திகதி, இணைத்த ஆவணங்களின் பட்டியல், நீங்கள் திருத்தக் கேட்கும் ஒரே ஒரு விடயம். கண்ணீரை அதில் எழுத வேண்டாம். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் மட்டும் படிவம் வந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் உண்டு. "என் விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது, எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பிரிவின்படி, அதன் பிரதி ஒன்று தருக" என்று கேளுங்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாணவனுக்காக இந்த மூன்று வரியை எழுதி அனுப்பினோம். அவனுடைய குடும்ப வருமானம் தவறான நிரலில் பதியப்பட்டிருந்தது தெரிந்தது. திருத்தினார்கள், நிலுவையும் சேர்த்துக் கிடைத்தது.

அனுப்பும் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் நிலையத்தில் தரும் பற்றுச்சீட்டை, அனுப்பிய கடிதத்தின் பிரதியின் பின்பக்கத்தில் அன்றே ஒட்டி, திகதியை எழுதி, அந்தப் பிரதியைக் கோவையின் மேல் தாளாக வையுங்கள். மெல்லிய தாள் அது. பேர்ஸுக்குள் வைத்தால் இரண்டு மாதத்தில் எழுத்து அழிந்துவிடும்.